பிறர் படம், நம் வட்டு

நேயர்களுக்கு வணக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் வந்து குவிந்து, ஒருநாள் "இடம் இல்லை" என்று போன் சொல்லிவிடும். நாம் எடுத்த படம் கொஞ்சம்தான். வந்து சேர்ந்ததுதான் மூட்டை மூட்டையாக இருக்கும். ட்விட்டர் போலப் பதிவுகள் போடும் சமூக வலையான மாஸ்டடானில் சொந்தமாக சர்வர் நடத்துபவரின் பாடும் இதேதான்.

மாஸ்டடானில் ஒரே தலைமை சர்வர் கிடையாது. தனித்தனி சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. உங்கள் சர்வரில் ஒருவர் வெளி சர்வர்க்காரரைப் பின்தொடர்ந்தால், அவர் போடும் படத்தின் நகல் உங்கள் வட்டில் வந்து உட்காரும். பல சர்வர்களின் பதிவுகளை வாங்கி எல்லோருக்கும் அனுப்பும் ரிலேயில் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வெள்ளம்தான். தரவுத்தளமும் அதே வட்டில் இருந்தால், வட்டு நிரம்பிய நிமிடத்தில் அந்தத் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் எழுத முடியாமல் நிற்கும், சர்வரே படுத்துவிடும்.

ஆகவே முதலில் பிரித்துப் பாருங்கள். மாஸ்டடானின் நிர்வாகக் கருவியான டூட்சிடிஎல்லில் 'டூட்சிடிஎல் மீடியா யூசேஜ்' என்ற கட்டளை, எது உங்கள் ஆட்களுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று காட்டும். 'மீடியா ரிமூவ்' கட்டளை, நாள் எதுவும் சொல்லாவிட்டால் 7 நாளுக்கு மேற்பட்ட வெளிப் படங்களை அழிக்கும். பயம் வேண்டாம், யாராவது பார்க்க வந்தால் மூல சர்வரிலிருந்து மறுபடி வரும். அந்த சர்வரே மூடிவிட்டால் மட்டும் வராது. ஆனால் நிர்வாகப் பக்கத்தில் பதிவுகளையே நாள் கணக்கில் அழிக்கும் அமைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், உங்கள் ஆட்கள் பிறகு பார்க்க 'புக்மார்க்' செய்து குறித்துவைத்த வெளிப் பதிவுகளும் போய்விடும், திரும்பாது.

உங்கள் ஆட்கள் ஏற்றிய படங்களுக்கு மூலப்பிரதி உங்களிடம் மட்டும்தான். அவற்றை எஸ்3 வகைச் சேமிப்புக்கு, அதாவது வாடகைக் கிடங்குக்கு, மாற்றலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கிடங்குக்காரரின் முகவரியை வெளியே காட்டாதீர்கள். உங்கள் டொமைனில் ஒரு துணைப்பெயர் வைத்து, அதை மாஸ்டடானின் 'எஸ்3 அலையாஸ் ஹோஸ்ட்' என்ற அமைப்பில் முதல் நாளே எழுதிவிடுங்கள். ஏன்? ஒவ்வொரு படத்தின் முகவரியையும் வெளி சர்வர்கள் குறித்துவைத்துக்கொள்கின்றன. நாளை வாடகை ஏறி நீங்கள் கிடங்கை மாற்றினால், பழைய முகவரி செத்துவிடும். அந்த வெளி சர்வர்களில் கேஷ், அதாவது தற்காலிக நகல், அழிந்தபின் யாராவது உங்கள் பழைய பதிவைத் திறந்தால், படம் இருந்த இடத்தில் மங்கலான வண்ணத் திட்டு மட்டும் தெரியும். உங்கள் பெயரிலேயே முகவரி இருந்தால், பெயர் காட்டும் இடத்தை மாற்றினால் போதும். திரும்பச் சொல்கிறேன், கிடங்கு யாருடையதாகவும் இருக்கட்டும், முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளை வைத்து கேஷ் செய்தால், கிடங்கிலிருந்து தரவு வெளியேறும் கட்டணமும் குறையும்.

கிடங்குக்கு மாற்றும்போது முதலில் பழைய வெளிப் படங்களைக் கழித்துவிடுங்கள். பிறகு ஆர்குளோன் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி கொண்டு நகலெடுங்கள், அமைப்பை மாற்றுங்கள், இடையில் வந்தவற்றுக்காக இன்னொரு முறை நகலெடுங்கள். வெளியிலிருந்து வந்தவை கிடக்கும் 'கேஷ்' என்ற அடைவை (ஃபோல்டரை) அப்படியே விட்டுவிட்டுப் போனால் வெளியாட்களின் முகப்படங்கள் உடைந்து தெரியும். கிடங்கின் கோப்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியைப் பொதுவுக்குத் திறக்காதீர்கள். தனிச்செய்திப் படங்களும் அங்கேதான் கிடக்கின்றன.

நேரம் முடிகிறது. இதுபோல மைய சர்வர் இல்லாத இன்னொரு வலையான நாஸ்டர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே பதிவுகளை வைத்திருக்கும் சர்வருக்குத்தான் ரிலே என்று பெயர். அதில் படம் தங்காது, படத்தின் இணைப்பு மட்டும்தான். படங்களை வைக்கும் பிளாசம் சர்வர்களில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணே அதன் பெயர் என்பதால், ஒரே படத்தை இரண்டு இடத்தில் ஏற்றிவைக்கலாம். ஒன்று போனாலும் மற்றதில் அதே பெயரில் தேடி எடுக்கலாம். வணக்கம்.