பெற்றோர் 9, ஆசிரியர் 17

அவையோருக்கு என் வணக்கம்.

பிரித்தானிய மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்பும், ‘பலங்களும் இடர்ப்பாடுகளும்’ என்று நாம் சொல்லத்தக்க வினாப்பட்டியலில் 25 வாசகங்கள்தாம் உள்ளன. மனவெழுச்சி, நடத்தை, துறுதுறுப்பும் கவனக்குறைவும், சக பிள்ளைகளோடு பழகுவது, பிறருக்கு உதவும் இயல்பு என ஐந்து பிரிவுகள். பிரிவுக்கு ஐந்து வாசகங்கள். கடந்த ஆறு மாதங்களை நினைவில் கொண்டு ‘உண்மையில்லை’, ‘ஓரளவு உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்; இவற்றுக்கு முறையே 0, 1, 2 மதிப்பெண். உதவும் இயல்பைத் தள்ளிவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் 0 முதல் 40க்குள் ஓர் எண் கிடைக்கும். நற்குணம் குறைந்திருப்பதை இடர்ப்பாட்டுக் கணக்கில் சேர்க்காததை அவரது நிதானத்துக்கு அடையாளமாகவே நான் கருதுகிறேன்.

கூட்டுவதிலும் சறுக்கல் உண்டு. ‘நல்ல நண்பர் ஒருவராவது இருக்கிறார்’ என்ற வாசகத்துக்கு ‘நிச்சயமாக உண்மை’ எனக் குறித்திருந்தால் அதற்கு மதிப்பெண் 0. இப்படித் தலைகீழாக மதிப்பிட வேண்டியவை ஐந்து. அவசரத்தில் அவற்றுக்கும் நேராகவே மதிப்பெண் போட்டுவிட்டால், இணக்கமான பிள்ளைக்குப் பத்து மதிப்பெண் வரை வீணாக ஏறிவிடும்.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். தாய் நிரப்பிய தாளில் 9, ஆசிரியர் நிரப்பிய தாளில் 17. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட எல்லைகளின்படி பெற்றோர் தாளில் 17உம் ஆசிரியர் தாளில் 16உம் அதற்கு மேலும் கவலைக்குரியவை; ஆகவே அவன் வீட்டில் இயல்பானவன், வகுப்பில் அப்படியல்ல. இவ்விடத்தில் இரண்டையும் கூட்டிச் சராசரி 13 என்று எழுதிக் கோப்பை மூடிவிடும் பழக்கத்தைத்தான் நான் கண்டிக்க வந்திருக்கிறேன். அந்த 13 யாரும் பார்த்திராத ஒரு சிறுவனுடையது.

இத்தகைய முரண் வழக்கமானதே. 119 ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்க உளவியலாளர் ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987இல் காட்டிய கணக்கில், தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் உள்ள இருவரின் மதிப்பீடுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு (1ஐ நெருங்க நெருங்க ஒத்துப்போவது அதிகம்) சராசரியாக 0.60, பெற்றோரும் ஆசிரியரும் போல வேறுபட்ட நிலையில் இருப்பவர்களிடையே 0.28தான். ஆசிரியர் அவனை ஒரே வயதுப் பிள்ளைகள் பலரோடு ஒப்பிடுகிறார்; தாய்க்கு ஒப்பிட அவனுடைய அக்கா மட்டும் இருக்கலாம். ‘தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி முறையிடுகிறான்’ என்ற வாசகத்துக்கான விடை காலையில் அவனைக் கிளப்பிவிடுகிறவருக்குத் தெரியும். ‘எளிதில் கவனம் சிதறுகிறது’ என்பதோ நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் அவனை உட்காரவைக்கிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எனவே இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசகம் வாசகமாகப் படிக்க வேண்டும். 17இல் பெரும்பகுதி துறுதுறுப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தால் அது ஒரு கதை. ‘மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகிறான்’, ‘தனியாகவே விளையாடுகிறான்’ ஆகிய வாசகங்கள் உள்ள, சக பிள்ளைகளோடு பழகுவது பற்றிய பிரிவிலிருந்து வந்திருந்தால் முற்றிலும் வேறு கதை. பிள்ளைகள் தாமே நிரப்பும் படிவம் 11 வயதில்தான் தொடங்குகிறது என்பதால், இச்சிறுவனிடம் எந்தத் தாளையும் நீட்டாமல் எதிரே உட்கார்ந்துதான் கேட்டாக வேண்டும். நானாக இருந்தால், இடைவேளை மணி அடித்ததும் அவன் எங்கே போகிறான், கூட யார் வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவேன்.