நார்சிசஸ் செய்த குற்றம் என்ன?

வணக்கம் நேயர்களே. ஓயாமல் செல்ஃபி எடுப்பவரை 'நார்சிசிஸ்ட்', அதாவது தன்னையே காதலிப்பவர், என்று கேலி செய்கிறோம். ஐரோப்பாவின் இடைக்காலக் கவிஞர்கள் அதைப் பெரிய குற்றமாக நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். நார்சிசஸிடம் அவர்கள் கண்ட குற்றம் வேறு.

மூலக்கதை ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னது. நார்சிசஸ் 16 வயது அழகன். விரும்பி வந்தவர்கள் எல்லோரையும் உதறுகிறான். எக்கோ என்ற வனதேவதை ஏங்கியே உருகி வெறும் எதிரொலியாகிவிடுகிறாள். உதாசீனப்பட்ட ஓர் இளைஞன் சாபமிட, நார்சிசஸ் சுனையில் தன் முகத்தையே கண்டு மயங்கிச் சாகிறான்.

1230 வாக்கில் பிரான்சில் கியோம் த லோரி 'ரோஜாவின் கதை' எழுதினார். கனவில் ஒரு தோட்டத்துக்குள் போகும் இளைஞன், பைன் மரத்தடியில் ஒரு சுனையைக் காண்கிறான். அழகன் நார்சிசஸ் இறந்த இடம் இது என்று கல்லில் பொறித்திருக்கிறது. கியோம் கதையில் சிறு மாற்றம் செய்கிறார்: சாபமிடுபவள் எக்கோவே. அப்புறம் அவர் சொல்லும் நீதிதான் வேடிக்கை. 'காதலரை வருத்தும் பெண்களே, இதைப் பாடமாகக் கொள்ளுங்கள்' என்கிறார்! தப்புச் செய்தவன் ஆண், புத்திமதி பெண்களுக்கு. இதில் கிண்டல் இருக்கிறதா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு இருப்பதாகத்தான் படுகிறது. ஏனென்றால் கதை தெரிந்தும் அந்த இளைஞன் சுனைக்குள் எட்டிப் பார்க்கிறான். அடியில் இரண்டு படிகக் கற்கள். அவற்றில் தோட்டம் முழுவதும் தெரிகிறது. ரோஜாச் செடியைக் கண்டதும் காதலில் விழுகிறான். நார்சிசஸ் தன்னைக் கண்ட இடத்தில் இவன் வேறொன்றைக் காண்கிறான்.

சுமார் 40 ஆண்டுகள் கழித்து அந்தக் காவியத்தைத் தொடர்ந்து எழுதிய ழான் த மன்னுக்கு அந்தச் சுனையே பிடிக்கவில்லை. அது உயிரோடிருப்பவர்களை மயக்கிக் கொல்கிறது; இறந்தவர்களுக்கும் உயிர் தரும் ஊற்று வேறொன்று உண்டு என்று ஒரு பாத்திரத்தைப் பிரசங்கம் செய்ய வைக்கிறார்.

இங்கிலாந்தின் ஜான் கௌவர் 1390 வாக்கில் முடித்த 'காதலனின் பாவசங்கீர்த்தனம்' இன்னும் விசித்திரமானது. காதல் தேவதை வீனஸின் பூசாரி ஒருவர் ஒரு காதலனிடம் பாவங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். தலையான பாவங்கள் ஏழில் முதலாவது செருக்கு. நார்சிசஸ் அங்கேதான் வருகிறான். உலகில் தனக்கு ஏற்ற பெண்ணே இல்லை என்பது அவன் நினைப்பு. ஆனால் கௌவரின் நார்சிசஸ் தன்னைக் காதலிப்பதே இல்லை. தண்ணீரில் தெரிவது ஒரு தேவதை என்று நம்பி, அவளிடம் கெஞ்சி, பதில் வராமல் பாறையில் மோதிச் சாகிறான். எந்தப் பெண்ணையும் மதிக்காதவன், இல்லாத பெண்ணுக்காக உயிரை விடுகிறான். கல்லறையில் பூக்கள் குளிர்காலத்தில் மலர்கின்றன. இயற்கைக்கு முரணான பூ, அவன் மடமையும் அப்படியே என்கிறார் கௌவர். எனக்கு மிகப் பிடித்த வடிவம் இதுதான்.

இத்தாலியின் தாந்தே இதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தக் கதையைத் தலைகீழாக்கியிருந்தார். அவருடைய 'தெய்வீக நாடகம்' காவியத்தில் அவரே மறுவுலகங்களைச் சுற்றிப் பார்க்கிறார். சொர்க்கத்தில், நிலவின் மண்டலத்தில், மங்கலாகச் சில முகங்கள் தெரிகின்றன. அவை பிரதிபலிப்பு என்று நினைத்து, யாருடையவை என்று திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யாருமில்லை. அவர் காதலித்தவளும் சொர்க்கத்தில் வழிகாட்டியுமான பெயாத்ரிசே சிரிக்கிறாள். நார்சிசஸ் நிழலை நிஜம் என்று நம்பினான். தாந்தே நிஜத்தை நிழல் என்று நினைத்தார். அதை அவரே சொல்கிறார்.

சரி, தாந்தேக்குச் செருக்கு இல்லையா? நிறையவே உண்டு. அதே காவியத்தில், இறந்தவர்கள் பாவம் கழிக்கும் உத்தரிக்கும் மலையில் செருக்குற்றவர்கள் பாறை சுமந்து குனிந்து நடக்கிறார்கள். அங்கே ஓவியர் ஓதெரிசி, புகழ் வெறும் காற்று என்கிறார். ஓவியத்தில் சிமாபுவேயின் இடத்தை ஜியோத்தோ பிடித்துவிட்டார். கவிதையில் ஒரு குய்தோவை இன்னொரு குய்தோ வென்றார். இருவரையும் கூட்டிலிருந்து விரட்டப்போகிறவன் இந்நேரம் பிறந்திருக்கலாம் என்கிறார். யாரைச் சொல்கிறார்? பெரும்பாலான உரையாசிரியர்கள் தாந்தேயைத்தான் கை காட்டுகிறார்கள். புகழைப் பழிக்கும் பேச்சிலேயே தனக்கு ஓர் இடம் போட்டுக்கொண்டார் மனிதர்! அடுத்த தளத்துக்கு ஏறியதும், பொறாமைக்காக இங்கே எனக்குக் கொஞ்ச காலத் தண்டனைதான் இருக்கும், கீழே பார்த்த அந்தச் சுமைக்குத்தான் பயப்படுகிறேன், அதன் பாரம் இப்போதே தோளில் தெரிகிறது என்று ஒப்புக்கொள்கிறார்.