ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டவர்

எல்லாருக்கும் வணக்கம். மன்றத்து நண்பர்கள் போன் செய்து, "ஜான் பீல் நினைவாகப் பேசுங்கள், நடுவில் பாட்டும் போடலாம்" என்றார்கள். பாட்டு உண்டு என்றதால்தான் ஒத்துக்கொண்டேன். பீல் பிபிசி ரேடியோவில் பாட்டுப் போட்டவர். ரேடியோக்காரருக்கு வெறும் பேச்சால் அஞ்சலி செலுத்துவது, சமையல்காரர் படத்துக்கு முன்னால் காலி இலையைப் போடுகிற மாதிரி.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் ஒரு பழைய மர்பி ரேடியோ இருந்தது. பிபிசி உலக சேவையில் பீலுக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. சிற்றலை என்பதால் குரல் கிட்டே வரும், போகும். ஒரு ராத்திரி பாட்டு இழுத்து இழுத்து வந்தது. ரேடியோதான் மக்கர் செய்கிறது என்று அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். பாட்டு முடிந்ததும் அந்த மனிதர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓட்டிவிட்டதாகச் சொன்னார். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டியது 33இல் சுற்றியிருக்கிறது! இலங்கை வானொலியின் பிசிறில்லாத அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. தன் தப்பை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிற அறிவிப்பாளரை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பீல் பிறந்தது 1939இல், லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஹெஸ்வாலில். சொந்தப் பெயர் ஜான் ராவன்ஸ்கிராஃப்ட். கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் என்ற கள்ள ரேடியோவில் இருந்தவர், 1967இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது அங்கே போனார். 2004 அக்டோபர் 25 அன்று பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மாரடைப்பு வந்து இறக்கும்வரை அங்கேதான். 65 வயது.

இந்த மனிதர் ஒரு பாட்டு எழுதவில்லை, மெட்டுப் போடவில்லை. அடுத்தவர் பாட்டைப் போட்டார், அவ்வளவுதான். அப்புறம் எதை வைத்து அவரை நினைப்பது?

அவர் நிகழ்ச்சிக்காகப் பதிவான பாட்டுகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பிபிசி ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று கட்டுப்பாடு. தட்டையே ஓட்டிக்கொண்டிருந்தால் நேரில் வாசிக்கிறவர்களுக்கு வேலை போய்விடும் என்பது இசைக்கலைஞர் சங்கத்தின் கவலை. மிச்ச நேரத்துக்குக் குழுக்களைக் கூப்பிட்டு பிபிசியே பதிவு செய்ய வேண்டும். பீல் இந்தத் தொல்லையைத்தான் வரமாக்கிக்கொண்டார். லண்டனில் மைடா வேல் என்று ஒரு ஒலிப்பதிவுக்கூடம்; முன்பு சக்கரச் சறுக்கு மைதானமாக இருந்த கட்டிடம். காலையில் வேனிலிருந்து டிரம்ஸை இறக்கினால், பெரும்பாலும் ராத்திரிக்குள் நான்கு பாட்டு முடிந்திருக்கும். இழைத்து மெருகேற்ற நேரமே கிடையாது. இப்படி 2000க்கும் மேற்பட்ட கலைஞர்கள், 4000க்கும் மேற்பட்ட பதிவுகள். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அமெரிக்க ராக் குழு நிர்வாணாவும் அதில் உண்டு. தி ஃபால் என்ற மான்செஸ்டர் குழு மட்டும் 24 தடவை வந்து வாசித்தது. எனக்கு அந்தக் குழுவை இன்றுவரை முழுசாகப் பிடிக்கவில்லை. அது என் காதின் கோளாறாக இருக்கலாம்.

அடுத்தது, எல்லாருக்கும் தெரிந்த கதை. 1978. வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் ராணுவ ரோந்துமாக இருந்த காலம். டெரி ஊர்ப் பையன்கள் ஐந்து பேர், அண்டர்டோன்ஸ் என்று பெயர். பெல்ஃபாஸ்டில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கடைக்காரர் அவர்களுடைய 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டை வெளியிட்டார். இரண்டரை நிமிடம்கூட இல்லை. சண்டையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஒரு பெண்மேல் ஒரு பையனுக்கு வருகிற ஆசைதான். பீல் அதை ஒலிபரப்பினார். முடிந்ததும் ஊசியைத் தூக்கி ஆரம்பத்தில் வைத்து இன்னொரு தடவை போட்டார்.

2004 நவம்பரில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் பேராலயத்திலிருந்து அவர் உடலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அதே பாட்டுதான். தேவாலயத்துக்குள் அந்த கிட்டார் இரைச்சலை நினைத்துப் பாருங்கள். கிரேட் ஃபின்பரோ கிராமத்தில் அவர் கல்லறைக் கல்லிலும் அதன் முதல் வரிச் சொற்களைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

மறு வருடம் பெரிய அஞ்சலிகள் நடந்தன. பஸ்காக்ஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றை எல்டன் ஜான், ராபர்ட் பிளான்ட், டேவிட் கில்மோர் எல்லாம் சேர்ந்து பாடி வெளியிட்டார்கள். வருமானம் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்புக்கு. நல்ல காரியம். ஆனாலும் எனக்கு அதைவிடப் பிடித்தது 2005 அக்டோபர் 13. முதல் ஜான் பீல் தினம். இறந்த தேதியைப் பார்க்கவில்லை. அவர் கடைசியாக நிகழ்ச்சி நடத்தி ஒரு வருடம் ஆவதைக் கணக்கில் வைத்தார்கள். அன்றைக்கு பிரிட்டன் முழுக்கக் கச்சேரி, கனடாவிலும் நியூசிலாந்திலும்கூட. நியூ ஆர்டர் மாதிரி பெரிய குழுக்களும் வாசித்தன. பாரில், சின்னக் கூடத்தில், பெயரே கேள்விப்படாத பிள்ளைகளும் வாசித்தார்கள்.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் புதுக் குழுக்கள் வாசிக்கும் கூடாரத்துக்கு 2005இல் அவர் பெயர் வைத்தார்கள். 2023இல் அந்தப் பெயர் போய் உட்சீஸ் என்று ஆகிவிட்டது. ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. அறுபதுகளில் அமெரிக்காவில் இருந்தபோது பதின்வயதுப் பெண்களோடு அவருக்கிருந்த தொடர்புகளைப் பற்றி, அவரே பேட்டிகளில் சொன்னதை வைத்து, பிற்பாடு கடுமையான கேள்விகள் எழுந்தன. அவை நியாயமான கேள்விகள். படத்துக்கு மாலை போடுகிற அஞ்சலியில் இதற்கெல்லாம் இடம் இருக்காது. அதனால்தான் நான் மாலை கொண்டுவரவில்லை.

சரி, ஒரு பாட்டு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கிற 'டீனேஜ் கிக்ஸ்' இல்லை. அதை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இது எங்கள் தெருவில் கறிக்கடை மாடியில் ஒத்திகை பார்க்கிற நான்கு பையன்கள், செல்போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பியது. குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் கீழே கறி வெட்டுகிற சத்தம் கேட்கும், தாளம் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி, அந்த வயரைச் சொருகு. இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டு. பிடிக்காதவர்களுக்கு வெளியே டீ இருக்கிறது. பிடித்தால் சொல்லுங்கள், இன்னொரு தடவை போடுகிறேன்.