மணவாளக்குறிச்சி மணலும் கனிமங்களின் குணங்களும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், எல்லைக்கு அப்பால் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் மணல் கறுத்துக் கிடப்பதை நாம் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். அதை இரும்பு மணல் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் சாதாரணக் காந்தம் ஒன்றை அந்த மணலில் புரட்டிப் பார்த்தால் சில துகள்களே ஒட்டும். கறுப்பின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். வலுவாக ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. ஒட்டாமல் நிற்கும் கறுப்பு, இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இல்மனைட். நிறத்தை மட்டும் நம்பி ஒரு கனிமத்துக்குப் பெயர் சொல்லிவிடக் கூடாது.

நிறத்தைவிட நம்பத்தக்க குணங்கள் எல்லாம் கனிமத்தின் வேதிச் சேர்க்கையிலிருந்தும் அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கிலிருந்தும் பிறப்பவை. புத்தளம் உப்பளத்தில் பாத்தியின் அடியில் விளைந்த பெரிய உப்புக் கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். தட்டி உடைத்தாலும் சிறு சிறு கனசதுரங்களாகவே உடையும். நீர் வற்ற வற்ற, சோடியமும் குளோரினும் அந்த ஒழுங்கிலேயே வந்து சேர்ந்ததுதான் காரணம். இவ்வாறு சமதளங்களில் பிரிவதைப் பிளவு என்கிறோம். சாதாரண மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்கு அத்தகைய தளம் இல்லாததால், அது வளைந்த முகங்களோடு முறிகிறது.

உப்பு சில வாரங்களில் விளைகிறது. நமது மலைப் பாறைகளின் கதையோ மிக நீண்டது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், களிமண் மிகுந்த பழைய படிவுகள் பூமியின் ஆழத்தில் அழுந்தி, 800 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியபோது, கார்னெட், சில்லிமனைட் போன்ற புதிய கனிமங்கள் அவற்றுள் வளர்ந்தன. அப்பாறைகள் மேலெழுந்து, மழையிலும் வெயிலிலும் சிதைந்தபோது, அவற்றில் மிகுந்திருந்த ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிக் கரைந்து போயிற்று. சிர்க்கான், ரூட்டைல், மோனசைட், இல்மனைட் ஆகியவை சிதைவைத் தாங்கி ஆறுகளோடு கடலுக்கு வந்தன. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள், அரிசியைக் களைந்து கல் அரிப்பதைப் போல, இலேசான குவார்ட்ஸை வாரிக்கொண்டு போய்விட, கனமானவை கரையில் தங்கின. ஒரு பொருள் அதே கன அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதே ஒப்படர்த்தி. குவார்ட்ஸுக்கு அது 2.65; இல்மனைட்டுக்குச் சுமார் 4.7. நாம் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கும் குணத்தைக் கொண்டே கடல் தன் மணலைப் பிரித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கனிமத்தின் தூள் நிறத்தையும் பார்க்க வேண்டும். பளபளப்பு பூசாத பீங்கான் ஓட்டில் உரைத்தால் விழும் இந்தத் தூளைக் கீற்று என்பார்கள். ஹேமடைட் என்ற இரும்புத் தாது வெளியே கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் அதன் கீற்று செம்பழுப்பே. மேக்னடைட்டின் கீற்று கறுப்பு. கடினத்தன்மைக்கு ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த, மிக மென்மையான 1 முதல் மிகக் கடினமான 10 வரையிலான வரிசை இன்றும் பயன்படுகிறது. நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5, சாளரக் கண்ணாடி 5.5. ஆகவே கண்ணாடியைக் கீறும் வெண்கல் குவார்ட்ஸாக இருக்கலாம். கீறாமல், நீர்த்த அமிலத்தில் நுரைப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சைட்.

திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டறிந்தார். அதன் பிறகே மணவாளக்குறிச்சியில் தொழில் தொடங்கியது. இன்று அங்கு நடக்கும் பிரித்தெடுப்பும் குணங்களை வைத்துத்தான். மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒருபுறம் ஒதுங்க, அவற்றுள் இல்மனைட்டை வலுவான காந்தம் இழுத்துவிடுகிறது. மின்சாரம் கடத்தாதவற்றிலிருந்து கார்னெட்டும் தேன்நிற மோனசைட்டும் காந்தத்துக்கு இணங்குகின்றன, சிர்க்கான் இணங்குவதில்லை. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அதற்குக் கதிரியக்கமும் உண்டு.

இதே வட்டாரத்தில், திருவனந்தபுரம் பக்கத்துப் பாறைகளிலிருந்து, பூனைக்கண் போல ஒளிக்கோடு தோன்றும் வைடூரியம் கிடைக்கிறது. அது கிரைசோபெரில் என்ற கனிமம், கடினத்தன்மை 8.5. குவார்ட்ஸிலும் பூனைக்கண் ஒளி தோன்றும் வகை உண்டு என்பதால், வாங்குவோர் ஏமாற இடமுண்டு. பட்டை தீட்டிய கல்லைக் கீறிப் பார்க்க வேண்டாம், கல் கெட்டுவிடும். காற்றில் அதன் எடையையும், நீரில் அமிழ்த்தி அதன் எடையையும் எடுத்து, நீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் முதல் எடையை வகுத்துப் பாருங்கள். 3.7ஐ ஒட்டி விடை வந்தால் அது வைடூரியத்துக்குப் பொருந்தும், 2.65 வந்தால் அது குவார்ட்ஸ்.