விரல் இடுக்கு வழியே

வணக்கம். தொலைக்காட்சி பார்ப்பதைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதுவும் ஒரு வேடிக்கைதான்.

திரையில் கோரமாக ஏதோ வருகிறது. கண்ணைப் பொத்திக்கொள்கிறோம், விரல் இடுக்கு வழியே பார்க்கவும் செய்கிறோம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாமே? போவதில்லை.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் லியோன்டியஸ் என்று ஒருவன் வருகிறான். மதிலுக்கு வெளியே பிணங்கள் கிடக்கின்றன. பார்க்கவும் ஆசை, அருவருப்பும் கூட. முகத்தை மூடிக்கொண்டு போராடிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓடிப்போய் நின்று தன் கண்களையே திட்டுகிறான்: பாவிகளா, ஆசை தீரப் பாருங்கள் என்று. தொல்காப்பியரும் மெய்ப்பாடு எட்டில் நகை, உவகையோடு இளிவரல் என்கிற அருவருப்புக்கும் அச்சத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவதால் மெய்ப்பாடு.

விஷயமே அந்த மெய்தான். திரையில் கத்தி ஓங்கினால் இதயம் படபடக்கிறது. உடம்புக்கு நடிப்பு என்று தெரியாது, மனத்துக்குத் தெரியும். உடம்பு ஏமாந்ததை மனம் கண்டுகொள்வதில்தான் சுகம் என்கிறார் உளவியலாளர் பால் ரோசின். மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு சிரிப்பதும் அவர் கணக்கில் இதே வகை. டால்ஃப் ஸில்மன் என்ற இன்னோர் ஆய்வாளர் சொல்வது வேறு: படபடப்பு சட்டென்று அடங்காது, அந்த மிச்சம் பின்னால் வரும் நிம்மதியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சரி, நிம்மதியே தராமல் முடிகிற தொடர்களையும் விடிய விடியப் பார்க்கிறோமே? அங்கே ரோசின் பக்கம்தான் எனக்குச் சாய்வு.

ரத்தத்தைவிட என்னைப் படுத்துவது அசட்டுத்தனம். விருந்தில் ஒருவன் எழுந்து நகைச்சுவை என்று எதையோ சொல்கிறான், யாரும் சிரிக்கவில்லை, அவன் விளக்க வேறு ஆரம்பிக்கிறான். நான் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அடுத்தவர் அவமானத்தைப் பார்க்கும்போது, அடுத்தவர் வலியைப் பார்க்கையில் விழிக்கும் மூளைப் பகுதிகளே விழிக்கின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தையும் பார்ப்பேன். நாம் அசடு வழிந்த நாள்கள் நினைவுக்கு வரும். இந்த முறை மாட்டியது நாமில்லை.

ஆனால் அவன் நடிகன். ஒருமுறை பாட்டுப் போட்டிக்கான தேர்வுச் சுற்று ஒன்றைப் பார்த்தேன். ஒரு பையன் சுருதி விலகிப் பாடினான். நடுவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பின்னணியில் கேலி இசை சேர்த்திருந்தார்கள், நானும் சிரித்தேன். அவன் இறங்கிப் போகையில் கேமரா விடாமல் பின்னாலேயே போனது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரிமோட் என் கையில்தான் இருந்தது. நான் மாற்றவில்லை.