டிவியில் முகம் ஏன் அகலமாகத் தெரிகிறது? 4:3 திரை 16:9 ஆன கதை

(திரையில்: டிவி முழுக்க ஒரு சுவர்க் கடிகாரம். வட்டமாக இல்லை, பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது.)

வணக்கம். இந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுவரில் அது வட்டம்தான். டிவிக்குள் வந்ததும் நீள்வட்டம் ஆகிவிட்டது. பழைய படம் ஓடும்போது கதாநாயகியின் கன்னம் உப்பித் தெரிவதும், கார் சக்கரம் நசுங்கித் தெரிவதும் இதே கோளாறுதான். டிவியில் ரிப்பேர் எதுவும் இல்லை. 4:3 அளவில், அதாவது அகலம் நான்கு பங்கு உயரம் மூன்று பங்கு என்று எடுத்த படத்தை, அகலம் பதினாறு பங்கு உயரம் ஒன்பது பங்கு உள்ள 16:9 திரையில் இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது, உயரம் அப்படியே இருக்கிறது.

நம் சேலத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான் டிவி ஓடுகிறது. அம்மாப்பேட்டையில் பார்த்தாலும் சரி, ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் அறையில் பார்த்தாலும் சரி. பழகிப்போனதால் யாரும் கவனிப்பதில்லை. இந்த வீடியோ முடிந்த பிறகு நீங்கள் கவனிப்பீர்கள்.

(திரையில்: 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள், ஓரத்துத் துளைகள் தெரியும்படி.)

முதலில் 4:3 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1890-களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்ஸன், 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று வைத்தார். அதில் வந்த சட்டம் அகலத்தில் நான்கு பங்கு, உயரத்தில் மூன்று பங்கு. ஊமைப்படக் காலம் முழுக்க அந்த வடிவம்தான். பேசும்படம் வந்ததும் ஒலிக்கு ஓரத்தில் இடம் விட வேண்டியிருந்தது, 1932-இல் அளவு 1.37 என்று மாறியது. அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண் இது, 4:3-க்கு அது 1.33. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பின்னால் வந்த டிவி, சினிமாவின் அளவையே எடுத்துக்கொண்டது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோதும் 4:3தான், 1993-இல் சன் டிவி வந்தபோதும் 4:3தான்.

டிவி வீட்டுக்குள் வந்ததும் தியேட்டர்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்தது, தமிழில் 1973-இல் ராஜராஜ சோழன். அதாவது டிவியை விட்டு விலகத்தான் சினிமா அகலமானது. அந்த அகலத்தைப் பிடிக்க டிவிக்கு இன்னும் பல வருடம் ஆனது.

(திரையில்: மேசை மீது இரண்டு அட்டைகள், ஒரு ஸ்கேல், ஒரு பென்சில்.)

சரி, 16:9 என்ற கணக்கு எப்படி வந்தது? இதை அட்டையிலேயே செய்து காட்டுகிறேன், வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம். பழைய டிவி வடிவத்துக்கு 20 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஒரு அட்டை. பரப்பு 300. சினிமாஸ்கோப் வடிவத்துக்கு அதே பரப்பில் இன்னொரு அட்டை: அகலம் 26.5, உயரம் 11.3. இப்போது நடுப்புள்ளி நடுப்புள்ளி மேல் வரும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள்.

இரண்டு அட்டையும் சேர்ந்து மூடுகிற நடு இடத்தை அளந்து பாருங்கள். 20-க்கு 11.3. வகுத்தால் 1.77. இரண்டையும் உள்ளடக்கி வெளியே ஒரு சட்டம் போடுங்கள். 26.5-க்கு 15. அதுவும் கிட்டத்தட்ட 1.77! பதினாறை ஒன்பதால் வகுத்தாலும் இதே 1.77தான் வருகிறது. 1980-களில் அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், அன்று புழக்கத்தில் இருந்த திரை அளவுகளையெல்லாம் இப்படிச் சம பரப்பில் வெட்டி அடுக்கிப் பார்த்துத்தான் இந்த எண்ணுக்கு வந்தார். பழைய டிவிப் படமும் அகலப் படமும் எது வந்தாலும் அதிகம் வீணாகாத வடிவம் இது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். எந்தப் படத்தையும் இழுக்காமல் வெட்டாமல் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் திரையையே யோசித்தார்கள். ஓரத்தில் வரும் கறுப்புப் பட்டை அந்த யோசனையிலேயே சேர்ந்தது.

கடையில் டிவி வாங்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. பழைய 29 அங்குல டப்பா டிவியின் உயரம் சுமார் 17.4 அங்குலம். புதிய 32 அங்குல டிவியின் உயரம் 15.7தான். பெரிய டிவி வாங்கியும் பழைய படம் சின்னதாகத் தெரிகிறதே என்று அப்பா குறைப்பட்டால், அவர் சொல்வது சரி. 32 அங்குல டிவியில் 4:3 படத்தைச் சரியாகக் காட்டினால் அது 26 அங்குலப் பழைய டிவி அளவுதான். அந்தக் குறையைப் போக்கத்தான் பலர் ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுகிறார்கள்.

(திரையில்: ஒரே படம் இரண்டு விதமாக. ஒன்று நெருக்கப்பட்டது, இன்னொன்று விரிந்தது.)

இப்போது சேனல் பக்கம் வருவோம். எச்டி சேனல் என்றால் சிக்கலே இல்லை, அது பிறக்கும்போதே 16:9. குழப்பம் எல்லாம் எஸ்டி என்கிற சாதாரணச் சேனலில்தான். நம் நாட்டில் எஸ்டி படம் ஒன்றில் 576 வரிகள், ஒரு வரிக்கு 720 புள்ளிகள். 4:3 படத்துக்கும் இதே 720, 576தான். 16:9 படத்துக்கும் இதே 720, 576தான்! அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதே இடத்துக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். கூடவே, இது அகலப் படம், விரித்துக் காட்டு என்று ஒரு குறிப்பு போகிறது. செட்டாப் பாக்ஸ் அந்தக் குறிப்பைப் படித்து டிவிக்குச் சொல்ல வேண்டும், டிவி அதன்படி விரிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முகம் ஒல்லியாகும், இல்லை குண்டாகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் பாக்ஸை இணைத்திருந்தால் அந்தக் குறிப்பு பெரும்பாலும் டிவி வரை போய்ச் சேர்வதில்லை.

அனலாக் கேபிள் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர் இருக்கும். அந்த ரிசீவரில் எந்த அளவு செட் செய்திருக்கிறதோ, அதுதான் அந்தப் பகுதி முழுக்க எல்லா வீட்டுக்கும். சேனல் அகலத்துக்கு மாறிய அன்று கண்ட்ரோல் ரூமில் யாரும் மெனுவைத் தொடவில்லை என்றால், மறுநாள் தெருவே ஒல்லியான செய்தி வாசிப்பாளரைப் பார்க்கும்.

சேனல்களும் சட்டென்று மாற முடியாது, அதற்குக் காரணம் நம் வீடுகளிலேயே இருந்தது. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவச கலர் டிவி வந்தது. 14 அங்குலம், படக்குழாய், 4:3. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் டிவி. அந்தத் திரையில் அகலப் படத்தை முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, படத்தின் உயரம் ஆறேகால் அங்குலம்தான் இருக்கும். கீழே ஓடும் செய்தி எழுத்தை எப்படிப் படிப்பது?

அதனால் சேனல்கள் நடுவழி ஒன்று கண்டன. அகலமாகவே படம் பிடிப்பார்கள், ஆனால் முக்கியமானது எல்லாம் நடுவில் உள்ள 4:3 பகுதிக்குள் இருக்க வேண்டும். லோகோ, ஸ்க்ரோல், பேசுகிறவர் முகம், எல்லாம் உள்ளே. பழைய டிவியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் எட்டில் ஒரு பங்கு வெட்டுப்பட்டாலும் கதை புரியும். அந்தக் காலத்துச் சீரியலை இன்று முழு அகலத்தில் பார்த்தால், எல்லோரும் நடுவில் நெருக்கி நிற்க, இரண்டு பக்கமும் வெறும் சோபாவும் திரைச்சீலையும் தெரியும். இயக்குநருக்கு ரசனை இல்லை என்று நினைக்காதீர்கள், 14 அங்குல டிவியை மனதில் வைத்து எடுத்தது அது. பிரிட்டனில் 1990-களின் கடைசியில் 14:9 என்று ஒரு இடைப்பட்ட அளவையே வைத்துச் சில வருடம் ஓட்டினார்கள், இரண்டு வகை டிவிக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று.

நாலாபக்கமும் கறுப்பு, நடுவில் சின்னப் படம் என்று பார்த்திருப்பீர்களே? அகலப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை போட்டு 4:3 ஆக்கி அனுப்பியிருப்பார்கள். அது அகல டிவிக்கு வந்ததும் இடமும் வலமும் இன்னொரு ஜோடி பட்டை சேர்ந்துவிடும். திரையில் 56 சதவீதம்தான் மிச்சம்.

(திரையில்: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு. பின்னால் மலை.)

இந்த வளைவைத் தாண்டித்தானே ஏற்காடு போகிறோம். மாடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் நடத்திய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-இல் இங்கே தயாரானது. 1950-இல் மந்திரி குமாரி. சேலம் மண்ணில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அகலத்திரை வருவதற்கு முந்தைய அந்தப் படங்களெல்லாம் ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்காகவே ஒளிப்பதிவு செய்தவை.

இன்று அவற்றை டிவியிலும் இணையத்திலும் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. ஒரு பக்கம் இழுப்பு. இன்னொரு பக்கம் அதைவிட மோசம்: திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டு. 4:3 படத்தை 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நடனக் காட்சியில் போகும் அந்தக் கால் பங்கு எது தெரியுமா? ஆடுகிறவரின் பாதங்கள். தாளம் காதில் விழுகிறது, அதைப் போடுகிற கால் திரையில் இல்லை. வாள்சண்டையில் ஓங்கிய வாளின் நுனி இல்லை. ஒளிப்பதிவாளர் அளந்து அளந்து வைத்த சட்டத்தை, எழுபது வருடம் கழித்து ஒருவர் ஒரே பொத்தானில் அறுத்துவிடுகிறார். இழுத்த படத்தையாவது டிவியில் திரும்பச் சுருக்கிச் சரிசெய்யலாம். வெட்டியது வராது. பழைய படங்களைப் பதிவேற்றுகிறவர்களுக்கும் ஒளிபரப்புகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பக்கவாட்டில் கறுப்பு விட்டு முழுப் படத்தையும் காட்டுங்கள். அந்தப் பட்டையில் பூப்படம், மங்கலான பின்னணி எதுவும் வேண்டாம், கண் அங்கே போகும்.

(திரையில்: ரிமோட்டும் செட்டாப் பாக்ஸ் மெனுவும்.)

வீட்டில் செய்ய வேண்டியது இது. செட்டாப் பாக்ஸ் மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இருக்கும், அதை 16:9 ஆக்குங்கள். டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸ் அல்லது வைட் என்ற பொத்தானைத் தேடி ஆட்டோவில் வையுங்கள். அப்புறம் ஒரு வட்டத்தைப் பிடியுங்கள்: கிரிக்கெட் பந்து, கடிகாரம், பஸ் சக்கரம், ஏதாவது ஒன்று. வட்டம் வட்டமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அகலமாகத் தெரிந்தால் அந்தச் சேனலுக்கு மட்டும் 4:3 வையுங்கள். முடிந்தால் எச்டிஎம்ஐ வயருக்கு மாறுங்கள். ஆனால் சில பாக்ஸ்கள் எல்லாப் படத்தையும் தாங்களே விரித்துத்தான் அனுப்பும், அப்போதும் கையால் 4:3 வைத்தால் சரியாகும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பழைய கேசட்டுகள். கல்யாண வீடியோ, சேலம் குகைப் பகுதியில் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கையை உள்ளூர் கேபிளில் காட்டியபோது பதிந்து வைத்தது, இப்படி ஏதாவது இருக்கும். அவற்றைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகளில் பலர் கேட்காமலேயே அகலமாக்கித் தருகிறார்கள், டிவியில் ஃபுல்லாக வரும் என்று. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: 4:3-இலேயே இருக்கட்டும், இழுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். கேசட்டையும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.