ஓர் அணு தாவும்வரை யார் காத்திருப்பது?

(திரையில்: முட்டை அட்டை போன்ற மேடுபள்ளப் பரப்பு. ஒரு பள்ளத்தில் சிவப்பு அணு.)

இது செம்புப் படிகத்தின் மேற்பரப்பு. தனியாகக் கிடக்கும் அந்தச் செம்பு அணுவைப் பாருங்கள். கீழே நான்கு அணுக்கள், நடுவில் ஒரு பள்ளம், அதில் இது. சும்மா கிடக்கவில்லை, விநாடிக்கு ஏறக்குறைய 10 லட்சம் கோடி முறை துடிக்கிறது.

பக்கத்துப் பள்ளத்துக்குப் போக ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். அதன் உயரம், அதாவது தாண்டத் தேவையான ஆற்றல், சுமார் 0.5 எலக்ட்ரான் வோல்ட் (அணுக்களின் ஆற்றலை அளக்கும் அலகு). அறை வெப்பநிலை தரும் ஆற்றலின் அளவோ வெறும் 0.026. முட்டி முட்டித் திரும்பி விழுகிறது. மேட்டின் உயரத்தையும் வெப்பநிலையையும் வைத்துத் தாவலின் வேகத்தைச் சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டால், விநாடிக்குச் சுமார் 40,000 தாவல்கள். அதாவது 25 மைக்ரோவிநாடிக்கு ஒன்று.

வேகம்தானே என்று தோன்றும். கணினியைக் கேளுங்கள்!

(திரையில்: ஓடும் எண்.)

அணுக்களின் ஒவ்வோர் அசைவையும் கணக்கிட்டுக் காட்டும் மூலக்கூறு இயங்கியல் சிமுலேஷன், அணுவின் துடிப்பைத் தவறவிடாமல் இருக்க, ஒரு ஃபெம்டோவிநாடி அளவில்தான் (விநாடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) அடியெடுத்து வைக்கும். ஒரே ஒரு தாவலுக்கு 2,500 கோடி அடிகள். அத்தனையிலும் அணு அதே பள்ளத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். இதைவிடச் சலிப்பான படம் கிடையாது.

சரி, நடுக்கத்தை விட்டுவிடுவோம், தாவலை மட்டும் கணக்கில் எடுப்போம். இதுதான் இயக்க மான்டி கார்லோ. நடக்கக்கூடிய நகர்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் மேட்டு உயரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் குலுக்கல்: எளிதான தாவலுக்கு அதிகச் சீட்டு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கடிகாரம் ஒரு குதி குதிக்கும். சில மணி நேரத்தில் வளரும் படலத்தைக்கூட இப்படிப் பின்தொடரலாம்.

ஆனால் உயரம் பிசகினால் தொலைந்தது. 0.5-க்குப் பதில் 0.7 என்று வைத்தால், 40,000 தாவல்கள் வெறும் 17 ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பட்டியலில் ஒரு நகர்வே விடுபட்டுப்போவது. 1990-இல் இயற்பியலாளர் பீட்டர் ஃபீபல்மேன் அலுமினியப் பரப்பைக் கணக்கிட்டபோது, மேட்டைத் தாண்டுவதைவிட எளிதான வழி ஒன்று தென்பட்டது.

(திரையில்: சிவப்பு அணு கீழே அமிழ்கிறது, மூலைவாட்டில் ஒரு நீல அணு மேலே எழுகிறது.)

மேலிருந்த அணு உள்ளே இறங்கிவிடுகிறது. உள்ளிருந்த ஒன்று மேலே வருகிறது. இடமாற்றம்! இரண்டும் ஒரே வகை அணு, எது எது என்று எப்படித் தெரியும்? தடத்தைப் பார்த்துத்தான். சாதாரணத் தாவல் நேர் பக்கத்துப் பள்ளத்தில் விழும். இடமாற்றம் மூலைவாட்டில் விழும். அதே ஆண்டு, தனித்தனி அணுக்களைக் காட்டும் புல அயனி நுண்ணோக்கியில், பிளாட்டினப் பரப்பின் மேல் பிளாட்டினம் அணு ஒன்று போய்வந்த இடங்களைக் குறித்துப் பார்த்தார்கள். எல்லாம் மூலைவாட்டில்.